செம்பருத்தி வேலியின் பெரிய பூச்சிகள்

ஆறு காலுக்கும் எட்டுக் காலுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு ஒரே காம்பவுண்டுக்குள் காலம் தள்ள வேண்டியிருக்கிறதே என்பதுதான் மூத்தவளுடைய தீராத மனக்குறை. மாடியில் அவள் தனியாக இருந்தாள். கீழே அவளுடைய கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும். வாசல் இரண்டு, மின்சார மீட்டர் இரண்டு, தபால் பெட்டிகூட இரண்டு. தோட்டம் மட்டும் ஒன்று. பாகம் பிரித்த பெரியவர்கள் அதை ஏன் அப்படியே விட்டார்கள் என்று தெரியவில்லை. பின்னால் வருகிறவர்களுக்குச் சண்டை போட ஓர் இடம் வேண்டாமா என்று நினைத்திருக்கலாம்.

மூத்தவளின் கணவர் காலமாகி ஐந்து வருடம் ஆகிறது. அவரையும் அவள் ஒருமாதிரி சகித்துக்கொண்டுதான் இருந்தாள். கரப்பானுக்கு மீசை உண்டு என்பதைத் தவிர அந்த வர்க்கத்தைப் பற்றி வேறெதுவும் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்த மனிதர்.

அவள் பிஸ்கட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். தரச்சோதனைப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றாள். பெல்ட்டில் வரிசையாக ஓடிவரும் பிஸ்கட்டுகளில் ஓரம் கருகியது, விளிம்பு உடைந்தது, உப்பிப் பெருத்தது எல்லாவற்றையும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் விரலால் கொத்தி எடுத்துக் கூடையில் போட வேண்டும். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவள் சொன்ன விதி ஒன்றே ஒன்று. “கூட்டத்துல எது மத்தது மாதிரி இல்லையோ அதை முதல்ல எடு. யோசனையெல்லாம் அப்புறம்.” இந்த விதியால் கம்பெனிக்கு ஒரு புகார் வந்ததில்லை. அவளுக்கு ஒரு சிநேகிதி அமைந்ததுமில்லை. கொழுந்தன் அவள் முதுகுக்குப் பின்னால் அவளை ‘பெல்ட்டு’ என்றுதான் சொல்வான். அது அவளுக்கும் தெரியும். ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரிடமிருந்து இதைவிட உயர்ந்த கற்பனையை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று விட்டுவிட்டாள்.

ஓய்வு பெற்ற மறுவாரமே தோட்டத்தைக் கையில் எடுத்தாள். காலை ஆறரைக்கெல்லாம் நீளமான நோட்டும், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடியுமாக இறங்கிவிடுவாள். நோட்டு முழுக்கப் பூச்சிகள்தான், நடுவே ஒரு கோடு. இடது பக்கம் வேண்டியவர்கள், வலது பக்கம் வேண்டாதவர்கள். தேதி, செடி, ஆளின் அடையாளம், செய்துகொண்டிருந்த காரியம் எல்லாம் பதிவாகும். பூக்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. பூவை எந்த முட்டாளும் ரசிப்பான்.

பார்க்கத் தெரிந்தவளுக்கு அந்த நாலு சென்ட் நிலத்தில் அத்தனை இருந்தது. எலுமிச்சையின் தாழ்ந்த கிளைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பெரிய சிலந்தி. வயிற்றில் மஞ்சளும் வெள்ளியும் பட்டை பட்டையாக ஓடும். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல நீட்டிக்கொண்டு, நடு வலையில் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். வலையில் அது தடித்த வெள்ளை நூலால் வளைந்து வளைந்து ஒரு தையல் வேறு போட்டிருந்தது. மஞ்சள் ரோஜாவுக்குள் மஞ்சளாகவே மாறிப் பதுங்கியிருக்கும் ஒரு நண்டுச் சிலந்தி. கத்தரிச் செடியில் எறும்புகளோடு எறும்பாக ஓடித் திரியும் இன்னொன்று. முன்னங்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். பொறுமையாகக் காலை எண்ணினால்தான் அது சிலந்தி என்று தெரியும். ஜன்னல் சட்டத்தில் மண் குழைத்துச் சின்னச் சின்னக் குடம் செய்து வைக்கும் குளவி. அது ஒரு குடம் முடித்து வாய் மடிக்கிற நேர்த்தியை அவள் அரைமணி நேரம் நின்று பார்ப்பாள். தெருவில் போகிறவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் அவர்களை நோட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை.

கொழுந்தனின் பெண்டாட்டியை இந்த வீட்டில் இளையவள் என்றே சொல்வார்கள். அவள் கீழ் அறையில் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். பூச்சி என்ற பேச்சு வந்தாலே நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ரகம். ஒருமுறை எலுமிச்சை இலை மேல் பறவை எச்சம் விழுந்திருக்கிறது என்று நினைத்து ஈரத் துணியோடு துடைக்கப் போனாள். எச்சம் தலையைத் தூக்கியது. அவள் போட்ட கூச்சலில் தெருமுனை வரை ஜன்னல்கள் திறந்தன.

“அது பட்டாம்பூச்சிப் புழும்மா,” என்றாள் மூத்தவள், சிரிப்பை அடக்கக் கொஞ்சமும் முயற்சி செய்யாமல். “பறவை தின்னாம இருக்கணும்னு எச்சம் மாதிரி வேஷம் போட்டிருக்கு. பறவைக்குப் போட்ட வேஷத்துல நீ போய் ஏமாந்து நிக்கிறே!”

“எனக்கு எப்படிக்கா தெரியும்?”

“பாத்தா தெரியும். கண்ணு எதுக்கு வச்சிருக்கு, ஊசி கோக்க மட்டுமா?”

இதை அவள் இரண்டு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பால் போடுகிறவரிடம்கூடச் சொன்னாள்.

வினை வந்தது செம்பருத்தி வேலியில். இளையவளின் தையல் ஜன்னலை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஓடும் வேலி அது. கொழுந்துகளில் முதலில் மாவு தூவியது போல இருந்தது. பிறகு பஞ்சு ஒட்டியது போல ஆயிற்று. மாவுப்பூச்சி. தண்டோடு தண்டாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும், உறிஞ்சினதில் பாதியை இனிப்புத் தண்ணீராகக் கழிக்கும், அதை நக்க எறும்புகள் வரிசை கட்டும். காற்றடித்தால் அந்தப் பிசுபிசுப்பு துளித்துளியாக ஜன்னலுக்குள் தெறித்தது. ஒருநாள் அது பேங்க் மேனேஜரம்மாவின் வெளிர்நீலப் பட்டுச் சட்டையில், சரியாக நெஞ்சுப் பட்டனுக்குப் பக்கத்தில், விழுந்து காய்ந்தது.

இளையவள் சட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கே வந்துவிட்டாள். “இங்க பாருங்கக்கா, பிசினு மாதிரி. இதை நான் எப்படிக் கொண்டுபோய்க் குடுப்பேன்?”

“தேன் மாதிரிதாம்மா அதுவும். எறும்புங்க அதுக்காக உயிரையே விடுது.”

“பேங்க் மேனேஜரம்மா எறும்பு இல்லையேக்கா.”

கொழுந்தன் கீழேயிருந்து குரல் கொடுத்தான். “அண்ணி, போதும். மருந்தடிக்கிறவரை வரச் சொல்லிடறேன். மொத்தத் தோட்டத்துக்கும் ஒரு ரவுண்டு.”

“மொத்தத்துக்கும் எதுக்கு? விரல்ல முள்ளு குத்தினா உடம்பு பூரா கட்டுப் போடுவீங்களா?”

“ஒத்தைச் செடிக்கெல்லாம் அவர் வர்றதில்லையாம். வந்தா முழுசாத்தான் அடிப்பாராம்.”

“அப்ப எலுமிச்சையில இருக்கிற சிலந்தி? குளவி? அதெல்லாம் என்ன பாவம் பண்ணிச்சு?”

“பூச்சின்னா எல்லாம் பூச்சிதான் அண்ணி. அதுல என்ன உங்க ஆளு, எங்க ஆளு?”

மூத்தவள் அவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். இடது பக்கம், வலது பக்கம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுகிற மனிதன் பேசுகிற பேச்சா இது? கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். நான்கு வாரம். நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலி சுத்தமாக இருந்தால் மருந்துப் பேச்சே இல்லை. வெள்ளை தெரிந்தால் மருந்துக்காரர் வருவார், தோட்டம் முழுக்க அடிப்பார், அண்ணி வாயைத் திறக்கக் கூடாது.

“சரி,” என்றாள் மூத்தவள். “நாலு வாரம் எதுக்கு? ரெண்டே போதும்.”

“நாலே இருக்கட்டும் அண்ணி. எல் போர்டு போட்டவங்களுக்கு நான் அவசரம் காட்றதில்லை.”

மறுநாள் காலையிலிருந்து அவள் வேலை தொடங்கியது. ஒரு பழைய பெயிண்ட் பிரஷ், ஒரு இடுக்கி, சோப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குப்பி. வேலியின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை ஒவ்வொரு கொழுந்தாக வருவாள். கை பழைய வேகத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டது. வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவில் பெருத்துச் சடை சடையாகத் தொங்கும் சில இருந்தன. மற்றவை மிளகில் பாதி இருந்தால் இவை நெல்லை விட நீளம், உடம்பெல்லாம் வெள்ளை இழை. உப்பிப் பெருத்தது! அவள் கண்ணுக்கு வேறெதுவும் படவில்லை. கொத்தி எடுத்துக் குப்பியில் போட்டாள். இவைதான் தாய்கள், இவற்றை ஒழித்தால் வம்சம் ஒழிந்தது என்பது அவள் கணக்கு. தாய்களை முடித்த பிறகு நேரமிருந்தால் பிரஷ்ஷால் சின்னவற்றையும் துடைப்பாள். பெரும்பாலும் நேரமிருக்காது.

பூதக்கண்ணாடி கழுத்தில்தான் தொங்கியது. அதை ஒருமுறைகூட அவள் எடுக்கவில்லை. அது பார்க்கத் தகுந்தவற்றுக்கு. மாவுப்பூச்சிக்கு எதற்கு? சாறு உறிஞ்சிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே குண்டாகும் ஜென்மம். அதன் முகத்தைப் பார்த்து ஆகப்போவது என்ன?

முதல் வாரம் முடிவதற்குள் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அக்கா, நீங்க எடுக்கறதெல்லாம் நடக்குதுக்கா.”

“பூச்சின்னா நடக்காம நாற்காலி போட்டு உக்காந்திருக்குமா?”

“இல்லக்கா. சின்னதெல்லாம் உக்காந்தேதான் இருக்கு. பெருசு மட்டும் ஓடுது. ஓடிப்போய் சின்னது மேல கவுந்து படுத்துக்குது. அது எழுந்திருச்சுப் போனா அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல.”

“பெத்தவ பிள்ளையை அணைச்சுப் படுக்கறது உனக்கு அதிசயமா இருக்கா?”

“அணைச்ச பிள்ளை காணாமப் போகுதேக்கா.”

மூத்தவள் நிமிர்ந்தாள். எச்சத்தைத் துடைக்கப் போன கை, இன்றைக்குத் தனக்குப் பூச்சி சாஸ்திரம் சொல்ல வருகிறது. “ஏம்மா, நீ ஜன்னலுக்கு உள்ள நின்னு, ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டுத்தானே பாத்தே? எனக்குத் தெரியும். போய் உன் காஜாவைப் பாரு.”

மிஷின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. பிறகும் ஜன்னலில் நிழல் இருந்தது. மூத்தவள் அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

இரண்டாவது வாரம் வெள்ளை குறையவில்லை. மூன்றாவது வாரம் கூடியது. மூத்தவளுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எறும்புகள் புதிதாகக் கொண்டுவந்து குடியேற்றுகின்றன. இளையவள் ராத்திரியெல்லாம் விளக்குப் போட்டுத் தைப்பதால் செடி அசந்து தூங்குவதில்லை. அடுத்த வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றும் லட்சணம் சரியில்லை. இப்படி உலகத்தில் எல்லோருடைய தப்பும் அந்த வேலியில் வந்து வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்தது. நோட்டின் இடது பக்கத்தில் அவள் எழுதினாள்: மிளகு அளவு வண்டு, உடல் கறுப்பு, தலையும் பின்புறமும் ஆரஞ்சு. மாவுப்பூச்சி தின்னக் கண்டேன். அருமையான ஆள். எண்ணிக்கை போதவில்லை. அந்த வண்டு ஒன்றே ஒன்றை அவள் பூதக்கண்ணாடியில் கால் மணி நேரம் பார்த்து மகிழ்ந்தாள். பக்கத்துக் கொழுந்தில் ஓடிக்கொண்டிருந்த சடைப் பூச்சிகள் ஐந்தை, கண்ணாடியைக் கீழே விட்டுவிட்டு, சோப்புத் தண்ணீரில் போட்டாள்.

மூன்றாம் வாரக் கடைசியில் இளையவள் இன்னொரு முறை வாயைத் திறந்தாள். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பெருசை ஒரு ரெண்டு நாள் எடுக்காம விட்டுப் பாருங்களேன்.”

“விட்டா உன் மேனேஜரம்மா சட்டை மொத்தமும் பாகு காய்ச்சி ஊத்தின மாதிரி ஆயிடும். நாலு பேருக்குத் துணி தைக்கிற உனக்கு நாலு நாள் பொறுமை இல்லையே. உன் வீட்டுக்காரருக்கு நீ ஒத்து ஊதறேன்னு எனக்குத் தெரியாதா?”

“நான் யாருக்கும் ஒத்து ஊதலக்கா.”

“அப்ப வாயை மூடிக்கிட்டிரு.”

நான்காவது ஞாயிறு வந்தது. வேலி, பஞ்சு மில் வாசலில் வளர்ந்தது போல நின்றது. ஏழு மணிக்கே மருந்துக்காரர் வந்துவிட்டார். முதுகில் தகர டாங்கி, வாயில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். வாளியில் எதையோ ஊற்றிக் குச்சியால் கலக்கினார். தண்ணீர் பால் போல வெளுத்தது. கொழுந்தன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, லைசென்ஸ் டெஸ்டுக்கு ஆள் அனுப்புகிறவனைப் போலக் கையைக் கட்டி நின்றான்.

மூத்தவள் கடைசிப் படியில் நின்றாள். வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மீறுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. எலுமிச்சைப் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காக வாளியையே பார்த்தாள்.

அப்போதுதான் இளையவள் பக்கத்தில் வந்து, முந்தானைக்குள் இருந்த எதையோ அவள் கையில் திணித்தாள். கண்ணாடி மூடி போட்ட பட்டன் டப்பா.

“நேத்து சாயங்காலமே குடுக்க வந்தேன். நீங்க மாடிக் கதவைத் திறக்கல.”

“என்ன இது?”

“ரெண்டு வாரம் முந்தி, பெருசு ஒண்ணைப் பிடிச்சு இதுல போட்டு வச்சேன். நூல் பிடுங்கற இடுக்கியால. பிடிச்சிட்டு அரைமணி நேரம் கை கழுவினேன். தினம் ஒரு கொழுந்து ஒடிச்சு உள்ள போடுவேன், வெள்ளையோட. மறுநாள் பாத்தா கொழுந்து பச்சையா இருக்கும். நாலஞ்சு நாள் தின்னுச்சு. அப்புறம் மூலைல ஒட்டிக்கிட்டு அசையாம கிடந்துச்சு. செத்துப்போச்சுன்னு நினைச்சேன்.” இளையவள் குரலைத் தாழ்த்தினாள். “நேத்துப் பாத்தா இது.”

மூத்தவள் டப்பாவை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். மூலையில் சடை சடையாக ஒரு வெற்றுக்கூடு, அதன் பிளந்த முதுகு. அதற்குப் பக்கத்தில், மிளகு அளவில், கறுப்பாக ஒரு வண்டு கண்ணாடியில் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தது. தலை ஆரஞ்சு. பின்புறமும் ஆரஞ்சு.

அவளுக்கு விளங்க இரண்டாவது பார்வை தேவைப்படவில்லை. அந்தச் சடைகள் மாவுப்பூச்சியின் தாய்கள் அல்ல. மாவுப்பூச்சியைத் தின்னப் பிறந்த வண்டின் பிள்ளைகள். தின்கிற இடத்தில் தெரியாமலிருக்க, தின்னப்படுவதைப் போலவே வெள்ளை போர்த்திக்கொண்டு திரிந்தவை. நாலு வாரமாக, ஒரு நாள் தவறாமல், எதிரியை விட்டுவிட்டுத் தன் ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து மூழ்கடித்திருக்கிறாள். பெல்ட்டில் முப்பத்தொரு வருடம் பழகிய கையால், மிகச் சரியாக, ஒன்று விடாமல். ஆசையாகப் பார்க்கிற அவள் வேலியில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் நின்றாள். பயந்து பார்க்கிறவள் அதிலிருந்து கண்ணெடுக்கவே இல்லை.

“தம்பி,” என்றாள் மூத்தவள். “கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.”

“ஏன் அண்ணி? வாயைத் திறக்கறதில்லன்னு பேச்சு.”

“இன்னும் நாலு வாரம் குடுங்க. வேலி தானா சரியாயிடும்.”

“நாலு வாரமா ஆகாதது இனிமே எப்படி ஆகும்?”

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அவள் அதைத் தவிர மற்றதெல்லாம் சொன்னாள். “எறும்பு தொல்லை இருந்துச்சு,” என்றாள். “காத்துல ஈரம் வேற ஜாஸ்தி. பருவம் சரியில்ல.”

மருந்துக்காரர் துண்டுக்குள் சிரித்தார். “அம்மா, பூச்சிக்கு ஏது பருவம்? எந்த மாசம் கூப்பிட்டாலும் எனக்கு வேலை இருக்கு.” சொல்லிக்கொண்டே வாளித் தண்ணீரை டாங்கியில் ஊற்றி முதுகில் மாட்டி, எலுமிச்சைப் பக்கமாக நடந்தார்.

மூத்தவள் இளையவளைப் பார்த்தாள். இவளாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா? அக்கா தப்பாக எடுத்துவிட்டாள், நான் அப்போதே சொன்னேன் என்று ஒரு வார்த்தை. இவள் சொல்லிவிட்டால் தான் முகத்தைச் சுளித்து நின்றால் போதும். இளையவள் சொல்லவில்லை. பட்டன் டப்பாவைக் கொடுத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். காட்டிக்கொடுக்கத் தெரியாதவள். இந்த நேரம் பார்த்துத்தானா இவளுக்குப் பெருந்தன்மை வர வேண்டும் என்று மூத்தவளுக்கு எரிச்சலாக வந்தது.

கைப்பம்பு கீச் கீச் என்றது. எலுமிச்சையின் இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. வெள்ளைப் புகையாக மருந்து கிளைக்குள் நுழைந்தது. நடு வலையில் பெருக்கல் குறி ஒருமுறை அதிர்ந்தது. அது பயந்தால் செய்வதுபோல வலையை முன்னும் பின்னும் உலுக்கிப் பார்த்தது. பறவையாக இருந்தால் போயிருக்கும். இது போகவில்லை. ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்து, பாதியில் தொங்கியது.

மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மருந்துக்காரர் கத்தரிக்கு வந்தார். எறும்போடு எறும்பாகத் திரிந்தது எங்கே இருந்ததோ, கண்ணில் படவில்லை. அடுத்தது ரோஜா. அதற்கடுத்தது வேலி. ரோஜாவுக்கு முன்னால் அவர் நின்று டாங்கிக்குக் காற்றடித்துக்கொண்டார்.

“நான்தான் கொன்னேன்.”

“என்னது அண்ணி?” என்றான் கொழுந்தன்.

“மாவுப்பூச்சியைத் தின்ன வந்த வண்டுக்குஞ்சுகளை. நாலு வாரமா நான்தான் பொறுக்கிப் பொறுக்கிக் கொன்னேன். அதுங்களை விட்டிருந்தா இந்நேரம் வேலி சுத்தமாயிருக்கும்.”

கொழுந்தன் முகத்தில் தீபாவளி வெடிக்கவில்லை, அவ்வளவுதான். காதில் கையை வைத்துக்கொண்டான். “பம்பு சத்தத்துல சரியா விழலையே. இன்னொரு தடவை சொல்லுங்க?”

மூத்தவள் இன்னொரு தடவை சொன்னாள். கம்பெனியில் மேலதிகாரியிடம் பழுதறிக்கை படிக்கிற குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். “நான் தப்பா எடுத்தேன். கையில கண்ணாடி இருந்தும் பாக்கல. உங்க பொண்டாட்டி முதல் வாரமே சொன்னா, அவளுக்கு என்ன தெரியும்னு நான் காதுல போட்டுக்கல. மூணாவது வாரமும் சொன்னா, வாயை மூடுன்னேன். போதுமா? இல்ல, எழுதிக் கையெழுத்துப் போட்டு வாசல்ல ஒட்டணுமா?”

“ஒட்டினா நல்லாத்தான்...”

“போதுங்க!” இது இளையவள். கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். பூச்சிகளைத் தவிர வேறெதற்கும் அவள் இந்தச் சுருதிக்குப் போய் அவன் கேட்டதில்லை. “முதல் தடவையே உங்களுக்குக் கேட்டுச்சு. அவரை அனுப்புங்க.”

“அடியே, உன் ஜன்னலுக்காகத்தானே இவ்வளவும்? நாளைக்கு இன்னொரு சட்டை கறையானா?”

“ஜன்னலுக்கு வலை அடிச்சுக்கறேன். இந்த மருந்து வாடை துணில ஏறினா ரெண்டு வாரம் போகாது, தெரியுமா? மருந்தடிக்கணுமான்னு என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?” அவள் மூத்தவள் பக்கம் திரும்பினாள். “நீங்களும்தான்கா. நீங்களும் கேக்கல.”

மூத்தவளுக்கு இதற்குப் பதில் இருந்தது. நல்ல பதில், நறுக்கென்று. அதை விழுங்கிக்கொண்டாள்.

கொழுந்தன் மருந்துக்காரரைக் கூட்டிக்கொண்டு கேட் வரை போனான். பாதித் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு நிறுத்துகிற வீட்டை என் அனுபவத்தில் பார்த்ததில்லை என்று அவர் தெருவில் சொல்லிக்கொண்டு போவது கேட்டது.

“இனி நாலு வாரம் வேலியை நான் பாத்துக்கறேன்,” என்றாள் இளையவள். “நீங்க பக்கத்துல வரக் கூடாது. வேணும்னா உள்ள வந்து ஜன்னல் வழியாப் பாருங்க. ஸ்டூல் போடறேன். கையை மட்டும் மடியிலயே வச்சிருக்கணும்.”

வாடிக்கையாளர்கள் உட்கார்கிற ஸ்டூல்! தன் தோட்டத்தைத் தையல்கடை ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பதா? “சரி,” என்றாள் மூத்தவள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் பட்ட பாட்டைப் பார்த்தால், அதற்கு முன் தப்பை ஒப்புக்கொண்டதெல்லாம் ஒன்றுமில்லை.

பிறகு அவள் எலுமிச்சையைப் பார்த்தாள். இலை நுனிகளிலிருந்து வெள்ளைச் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. மூன்று நிமிடம். எறும்பு, ஈரம், பருவம் என்று உளறிக்கொண்டு அவள் நின்ற நேரம் அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை வாளி கலக்கும்போதே சொல்லியிருந்தால் இந்த மரத்தில் ஒரு துளி விழுந்திருக்காது. உலகத்தில் தனக்குத் தெரிந்த அத்தனை மடையர்களையும் அவள் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். இந்த மூன்று நிமிடத்தை ஒருவராலும் மிஞ்ச முடியவில்லை.

ஓடிப்போய்ச் சுவரோரம் சுருட்டிக் கிடந்த ரப்பர் பைப்பை இழுத்தாள். குழாய் கீழ் வீட்டுப் பக்கம். இளையவள் சொல்லாமலே திறந்துவிட்டாள்.

“தண்ணி அடிச்சாப் பொழைச்சிடுமாக்கா?”

“தெரியல,” என்றாள் மூத்தவள். அந்தத் தோட்டத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. “கிளை நடுவுல மறைக்குது. அதை அந்தப் பக்கமா இழுத்துப் பிடிக்க ஆள் வேணும்.”

அந்தப் பக்கத்தில்தான் சிலந்தி தொங்கியது. இளையவள் அதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. முகத்தை முடிந்த மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு, இரண்டு விரலால் கிளை நுனியைப் பிடித்தாள். மூத்தவள் பைப் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, மழைத்தூறல் போலத் தண்ணீரைப் பரப்பினாள். வெள்ளை கரைந்து தரைக்கு இறங்கியது. இளையவளின் சேலையெல்லாம் நனைந்தது. தொங்கிக்கொண்டிருந்த நூல் ஆடியது. அதன் நுனியில் மடங்கிக் கிடந்த கால்களில் ஒன்று நீண்டது. பிறகு இன்னொன்று.

“அக்கா.”

“பாத்தேன்.”

“அக்கா, அது மேல ஏறுது. என் கைப் பக்கமா வருதுக்கா!”

“வந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தம். அசையாம நில்லு.”

“நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க பேசாம தண்ணி அடிங்க!”

மூத்தவள் பேசாமல் தண்ணீர் அடித்தாள்.